ரொட்டிப் பெட்டியில் கிடந்த காதல்

1919ஆம் ஆண்டு. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ரேமண்ட் வீவர் என்ற இளைஞரிடம், சக பேராசிரியர் கார்ல் வான் டோரன் ஒரு கட்டுரை கேட்டார். மறந்துபோன எழுத்தாளர் ஒருவருக்கு அது நூற்றாண்டு. எழுத்தாளரின் பெயர் ஹெர்மன் மெல்வில். சில நாளில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் வீவர் தொடங்கினார். தேடல் அவரை மெல்விலின் பேத்தி எலினோர் மெட்காஃபின் வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே, ரொட்டி வைக்கும் தகரப் பெட்டி ஒன்றில் தாத்தாவின் காகிதங்கள் கிடந்தன. அவற்றில் முந்நூற்றுக்கு மேற்பட்ட தாள்களில் ஒரு கதை இருந்தது. பென்சிலிலும் மையிலும் எழுதி, அடித்து, திருத்தி, துண்டுக் காகிதங்களைச் சேர்த்து ஒட்டி, முடித்தும் முடிக்காமலும் விட்ட கதை. பெயர் 'பில்லி பட்'. அதை எழுதியவர் இறந்து அப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தன்பாலீர்ப்புள்ள படைவீரர்களைச் சினிமா எப்படிக் காட்டியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும். பட்டியல் சொல்லாத ஒன்றை இந்தத் தாள்கள் சொல்கின்றன. ஒரே கதை நூற்றுமுப்பது ஆண்டுகளாகக் கை மாறிக் கை மாறிப் போகிறது. வாங்கியவர் ஒவ்வொருவரும் தம் காலத்துச் சட்டம் விட்ட அளவுக்குத்தான் அதைத் திறந்து பார்க்கிறார்கள். படைவீரனின் காதலைப் பற்றிச் சினிமா வாய் திறக்கக் கற்றுக்கொண்ட வரலாறு அந்தத் தாள்களின் பயணத்துக்குள்ளேயே இருக்கிறது.

சுங்க அதிகாரியின் மேசை

மெல்வில் கடலை ஏட்டில் படித்தவர் இல்லை. இருபத்து நான்காம் வயதில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, 1843 முதல் 1844 வரை பதினான்கு மாதம் அதில் வாழ்ந்தவர். மாலுமிகளை வரிசையாக நிறுத்தி, அவர்கள் கண்முன்னே கூட்டாளியின் முதுகில் கசையடி விழுவதைப் பார்த்தவர். நூற்றுக்கணக்கான ஆண்கள் மாதக்கணக்கில் நெருக்கியடித்துப் படுத்துறங்கும் இடத்தில் என்னென்ன நட்பும் பகையும் ஆசையும் வளரும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கப்பலில் தமக்குத் தோழனாக இருந்த ஜாக் சேஸ் என்ற ஆங்கிலேய மாலுமிக்குத்தான், நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 'பில்லி பட்' கதையைச் சமர்ப்பணம் செய்தார்.

1851இல் வெளிவந்த 'மோபி டிக்' விற்கவில்லை. பிழைப்புக்காக 1866இல் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளர் வேலையில் சேர்ந்தார். நாளுக்கு நான்கு டாலர் கூலியில் பத்தொன்பது ஆண்டுகள். 1867இல் மூத்த மகன் மால்கம் பதினெட்டு வயதில் தன் அறையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தான். இளைய மகன் ஸ்டான்விக்ஸ் 1886இல், வீட்டைவிட்டு வெகுதூரத்தில், சான் பிரான்சிஸ்கோவில் இறந்தான். ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் கிழவர், தூக்குக்குக் காத்திருக்கும் மாலுமி ஒருவன் பாடுவதாக ஒரு பாட்டெழுதத் தொடங்கினார். பாட்டுக்கு முன்னுரையாக நாலு வரி உரைநடை சேர்த்தார். அந்த நாலு வரி ஐந்தாண்டில் ஒரு குறுநாவலாக வளர்ந்துவிட்டது. 1891 ஏப்ரல் 19 என்று தேதியிட்டு முடித்தார். பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார். செப்டம்பர் 28இல் இறந்துபோனார்.

கதை நடப்பது 1797இல், பிரிட்டிஷ் கடற்படையில். அந்த ஆண்டுதான் ஸ்பிட்ஹெட்டிலும் நோரிலும் மாலுமிகள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். அதிகாரிகள் எங்கும் கலகத்தின் நிழலையே கண்டார்கள். 'மனித உரிமைகள்' என்று பெயர் வைத்த ஒரு வணிகக் கப்பலிலிருந்து பில்லி பட் என்ற இளைஞனைப் போர்க்கப்பலுக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பச்சைக் குழந்தையாக யார் வீட்டு வாசலிலோ விடப்பட்டு வளர்ந்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. சூது தெரியாது. பார்த்தவர் கண்ணை எடுக்க முடியாத அழகன். ஒரே ஒரு குறை உண்டு: மனம் பதறினால் நா திக்கும், வார்த்தை வராது.

அந்தக் கப்பலில் ஒழுங்கைக் காக்கும் காவல் அதிகாரி கிளாகார்ட். பில்லியை அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கதை நேராகச் சொல்வதில்லை. ஒருநாள் கப்பல் குலுங்கியதில் பில்லியின் கையிலிருந்த சூப், சுத்தமாகத் தேய்த்துக் கழுவிய தளத்தில் கொட்டி, கிளாகார்ட் நடந்துவரும் வழியில் ஓடுகிறது. ஏதோ கத்தப்போனவன், கொட்டியது யாரென்று பார்த்ததும் அடக்கிக்கொள்கிறான். கையிலிருந்த பிரம்பால் பில்லியைப் பின்னாலிருந்து விளையாட்டாக ஒரு தட்டு தட்டி, அழகான காரியம் செய்பவனும் அழகனே என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். உடனிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பிரம்பின் மெல்லிய தட்டலில் இருப்பது கோபமா, ஆசையா? மெல்வில் சொல்லாமல் கடந்துபோகிறார். வேறோரிடத்தில், பில்லியைத் தூரத்திலிருந்து பார்க்கும் கிளாகார்ட்டின் கண்ணில் ஈரம் கசிகிறது. விதியும் விலக்கும் இல்லாதிருந்தால் இவன் அவனை நேசித்திருக்கவும் கூடும் என்று தோன்றும்படி ஒரு வாக்கியம் எழுதுகிறார். அவ்வளவுதான். முழுக் கதையிலும் அந்தக் கதவு திறப்பது அந்த ஒரு கணம் மட்டுமே.

பிறகு கிளாகார்ட், பில்லி கலகம் செய்யத் திட்டமிடுகிறான் என்று கேப்டன் வியரிடம் பொய்ப்புகார் கொடுக்கிறான். பதில் சொல்லச் சொல்கிறார் கேப்டன். பில்லிக்கு நா எழவில்லை. வார்த்தைக்குப் பதில் கை எழுகிறது. ஒரே குத்தில் கிளாகார்ட் செத்து விழுகிறான். பில்லி நிரபராதி என்று நெஞ்சறிந்தும் கேப்டன் வியர் போர்க்காலச் சட்டத்தைக் காட்டி அவனைத் தூக்கிலிடுகிறார். பில்லி அவரை வாழ்த்திவிட்டுச் சாகிறான்.

மெல்வில் அந்த ஆசையைப் பெயர் சொல்லி எழுதாததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கதை நடக்கும் கடற்படையின் போர்ச் சட்டத்தில் ஆணும் ஆணும் உறவுகொண்டால் மரணதண்டனை. எழுத்தில் மட்டும் இருந்த சட்டமும் இல்லை அது: 1816இல் 'ஆஃப்ரிகேன்' என்ற கப்பலின் மாலுமிகள் நால்வர் இதற்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த மௌனத்தோடுதான் தாள்கள் தகரப் பெட்டிக்குள் போயின.

மேடையில் ஒரு குரல்

மெல்விலின் மனைவி எலிசபெத் அந்தக் காகிதங்களைத் தூக்கி எறியவில்லை. கணவரின் பெயர் உலகுக்கு மறந்துவிட்ட நாளிலும் அவற்றை அடுக்கி, அங்கங்கே தன் கையால் குறிப்பும் எழுதிவைத்தார். 1906இல் அவரும் போய்விட்டார். பெட்டி மகள் வழியாகப் பேத்திக்கு வந்தது. வீவர் அதைத் திறந்து படித்துப் பதிப்பித்து, 1924இல் லண்டனில் கதை முதன்முதலாக அச்சேறியது. அவசரப் பதிப்பு அது. மனைவியின் கையெழுத்தையும் கணவரின் கையெழுத்தையும் வீவர் குழப்பிக்கொண்டார். மெல்வில் ஒதுக்கிவைத்த ஒரு துண்டு, முன்னுரையாக உள்ளே வந்துவிட்டது. கப்பலின் பெயரைக் கடைசியில் 'பெல்லிபொட்டென்ட்' என்று மாற்ற மெல்வில் முடிவு செய்திருந்தார். அச்சில் வந்ததோ பழைய பெயரான 'இன்டாமிட்டபிள்'. ஹேஃபோர்ட், சீல்ட்ஸ் என்ற இரு அறிஞர்கள் தாள் தாளாக ஆராய்ந்து திருத்திய பதிப்பைக் கொண்டுவர 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் கதை இங்கிலாந்தில் சரியான கைகளை அடைந்துவிட்டது. 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதிய ஈ. எம். ஃபார்ஸ்டரும், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டெனும் அதை ஓபராவாக்க முடிவு செய்தார்கள். எரிக் குரோசியர் பாடல் வடிவத்தில் ஃபார்ஸ்டருக்குத் துணைநின்றார். 1951 டிசம்பர் 1 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் அரங்கேற்றம். மேடை முழுக்க ஆண்குரல்கள். ஒரு பெண்குரல்கூட இல்லை. கேப்டன் வியராகப் பாடியவர் பீட்டர் பியர்ஸ். பிரிட்டெனின் வாழ்க்கைத் துணைவர் அவர்.

ஃபார்ஸ்டர், பிரிட்டென், பியர்ஸ் மூவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபார்ஸ்டர் தன்பாலீர்ப்பாளர். இரு ஆண்களின் காதல் நன்றாக முடியும் 'மாரிஸ்' என்ற நாவலை 1914இலேயே எழுதி முடித்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் வெளியிடாமல் வைத்திருந்தவர். அவர் இறந்தபின் 1971இல்தான் அது வெளிவந்தது. பிரிட்டெனும் பியர்ஸும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அன்றைய சட்டப்படி அந்த உறவே குற்றம். ஓபரா அரங்கேறிய நான்காவது மாதத்தில், போர்க்காலத்தில் ஜெர்மானியரின் சங்கேதத்தை உடைத்து நாட்டைக் காத்தவர்களில் ஒருவரான ஆலன் டூரிங்குக்கு அதே சட்டத்தில் தண்டனை கிடைத்தது.

தன் கதையைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஃபார்ஸ்டர், பெட்டியிலிருந்து வந்த இன்னொருவர் கதையைத் திறக்க முயன்றார். கிளாகார்ட் தனியே நின்று பாடும் பாட்டுக்குப் பிரிட்டென் போட்ட இசை அவருக்கு நிறைவு தரவில்லை. வெறும் கொடூரம் போதாது, வழி அடைபட்ட காதல் அங்கே கேட்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். சொல்லில் வைக்க முடியாததை இசையில் வைத்துவிடலாம் என்பது அந்தத் தலைமுறையின் வழி. கேப்டன் வியர் தீர்ப்பைச் சொல்ல பில்லி இருக்கும் அறைக்குள் நுழைகிறார், கதவு மூடுகிறது. உள்ளே நடந்ததை மெல்வில் எழுதவில்லை. பிரிட்டெனும் ஒரு சொல் வைக்கவில்லை. மேடை காலியாக இருக்க, வாத்தியங்கள் மட்டும் முப்பத்து நான்கு சுரக்கூட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இசைக்கின்றன. ஒன்று முழங்குகிறது, அடுத்தது தணிகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் இரு மனிதர்கள் ஒருவரையொருவர் மன்னிப்பதைக் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்ள வேண்டும்.

கேமரா வந்தது

1962இல் அந்தத் தாள்கள் திரைக்கு வந்தன. லூயி காக்ஸும் ராபர்ட் சாப்மனும் எழுதி பிராட்வேயில் நடந்த நாடகத்தைத் தழுவி, பீட்டர் உஸ்தினோவ் படத்தைத் தயாரித்து இயக்கினார். கேப்டன் வியராக நடித்தவரும் அவரே. கறுப்பு வெள்ளைப் படம். பில்லியாக வந்த டெரன்ஸ் ஸ்டாம்புக்கு அது முதல் படம், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். கிளாகார்ட்டாக ராபர்ட் ரயன்.

அமெரிக்கத் திரைத்துறை 1934 முதல் கண்டிப்பாகக் கடைப்பிடித்த ஒழுக்க விதித்தொகுப்பு, தன்பாலீர்ப்பைத் திரையில் காட்டவே கூடாது என்று வைத்திருந்தது. 1961 அக்டோபரில்தான், அடக்கத்தோடும் கவனத்தோடும் காட்டலாம் என்று அதைத் தளர்த்தினார்கள். உஸ்தினோவ் அந்த இடுக்கில்கூடக் கால் வைக்கவில்லை. அவருடைய படம் நீதிக்கும் சட்டத்துக்கும் நடக்கும் வழக்கு. ஆனாலும் ஒரு காட்சி தப்பித்து வந்துவிட்டது. இரவு, மேல்தளம், அமைதியான கடல். தனியே நிற்கும் கிளாகார்ட்டிடம் பில்லி வந்து பேச்சுக் கொடுக்கிறான். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், இரவுக் காவலின்போது நான் வந்து பேசிக்கொண்டிருக்கட்டுமா என்று குழந்தைபோல் கேட்கிறான். ரயனின் முகம் ஒரு கணம் இளகுகிறது. வாழ்நாளில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்ட முகம் அது. அடுத்த கணமே, என்னையும் மயக்கப் பார்க்கிறாயா என்ற சினம் பொங்க அவனை விரட்டிவிடுகிறான். மெல்வில் ஒரு வாக்கியத்தில் திறந்து மூடிய கதவை ரயன் முகத்தின் ஒரு தசையில் திறந்து மூடினார்.

இங்கிலாந்தில் 1967இல் சட்டம் மாறியது. இருபத்தோரு வயது நிரம்பிய இரு ஆண்கள் தனிமையில் உறவுகொள்வது இனிக் குற்றமில்லை என்றது. ஆனால் அதே சட்டம் இரண்டு இடங்களை விலக்கி வைத்தது: ஆயுதப் படைகள், வணிகக் கப்பல்கள். பில்லி முதலில் இருந்த கப்பலுக்கும் செல்லாது, அவனைப் பிடித்துக்கொண்டுபோன கப்பலுக்கும் செல்லாது. கரையில் இருந்தவனுக்குக் கிடைத்த விடுதலை கடலுக்குப் போனவனுக்குக் கிடைக்கவில்லை.

சினிமாவும் அந்த எல்லைக்குள்ளேயே நின்றது. தணிக்கை தளர்ந்தபின் வந்த படங்களில் படைக்குள் இருக்கும் தன்பாலீர்ப்பைப் பெயர் சொல்லிக் காட்டினார்கள். காட்டியது கிளாகார்ட்டின் முகத்தைத்தான். 1967இல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'ரிஃப்ளெக்ஷன்ஸ் இன் எ கோல்டன் ஐ'யில் மார்லன் பிராண்டோ நடித்த மேஜர், தான் ரகசியமாக ஏங்கிய சிப்பாயைச் சுட்டுக்கொல்கிறார். 1968இல் வந்த 'தி சார்ஜென்ட்' படத்தில் ராட் ஸ்டீகர் நடித்த சார்ஜென்ட், இளம் சிப்பாய்மீது கொண்ட ஆசை வெளிப்பட்டதும் காட்டுக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொள்கிறார். ஆசை, வஞ்சம், சாவு என்று ஒரே தடத்தில் கதைகள் ஓடின. இருட்டு அரங்கில் இந்தப் படங்களைப் பார்த்த உண்மையான படைவீரன் ஒருவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பான்? அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

ஜிபூட்டியின் உப்பு

1999இல் தாள்கள் ஆப்பிரிக்காவுக்குப் போயின. பிரெஞ்சு இயக்குநர் கிளேர் டெனி குழந்தைப் பருவத்தைப் பிரெஞ்சுக் காலனி ஆப்பிரிக்காவில் கழித்தவர், ஜிபூட்டியிலும் வாழ்ந்தவர். அயல்மண்ணில் இருப்பது பற்றி ஒரு படம் வேண்டும் என்று ஆர்ட்டே தொலைக்காட்சி கேட்டபோது அவர் மெல்விலின் கதையை எடுத்தார். பிரிட்டிஷ் போர்க்கப்பல், ஜிபூட்டியில் முகாமிட்ட பிரெஞ்சு அயல்நாட்டுப் படைப்பிரிவாக மாறியது. படத்தின் பெயர் 'போ ட்ரவாய்'. நல்ல வேலை என்று பொருள்.

டெனி செய்த பெரிய காரியம், கதையைக் கிளாகார்ட்டின் கையில் கொடுத்தது. இங்கே அவன் பெயர் கலூப். படையிலிருந்து வெளியேற்றப்பட்டு மார்செய் நகரில் ஒரு சிறு அறையில் உட்கார்ந்து தன் நினைவுகளை எழுதுகிறான். அழகான புதிய சிப்பாய் சான்தேன்மீது தான் ஏன் வன்மம் கொண்டேன் என்று அவனே எழுதிப் பார்க்கிறான். சான்தேனும் பில்லியைப்போலக் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவன். கலூப் அவனைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய், பழுதான திசைகாட்டியைக் கையில் கொடுத்து, தனியே இறக்கிவிட்டு வருகிறான். வெள்ளை உப்புப் பரப்பில் உதடு வெடித்து விழுந்துகிடப்பவனை அவ்வழியே வரும் உள்ளூர் மக்கள் காப்பாற்றுகிறார்கள். நூறாண்டு கழித்துப் பில்லிக்கு முதன்முறையாக உயிர்ப்பிச்சை கிடைத்தது. கொடுத்தவர்கள் கப்பலுக்கு வெளியே இருந்தவர்கள்.

ஆன்யெஸ் கோதாரின் கேமரா இந்தப் படத்தில் பார்ப்பது உடல்களை. கொளுத்தும் வெயிலில், வெற்று மார்போடு, வரிசையாக நின்று கைகளை உயர்த்திக் கண்மூடி நிற்கும் சிப்பாய்கள். பயிற்சியா, பிரார்த்தனையா, நடனமா என்று பிரிக்க முடியாத அசைவுகள். பின்னணியில் ஒலிப்பது பிரிட்டெனின் ஓபரா. 1951இல் மேடையில் சொல்லாமல் விட்டதை 1999இல் பாலைவனம் கேட்டுக்கொள்கிறது.

எனக்கு மறக்காத காட்சி வேறு. சிப்பாய்கள் தங்கள் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார்கள். நீவிவிட்டு, மடிப்பைப் பிடித்து, கோடு சரியாக விழுந்ததா என்று பார்த்து, மறுபடி அழுத்துகிறார்கள். வீட்டு வேலை என்று ஊரெல்லாம் பெண்ணுக்கு ஒதுக்கிய அந்த நுணுக்கத்தைக் கொலைத்தொழில் பயின்ற கைகள் இவ்வளவு பரிவோடு செய்கின்றன. இந்தப் பரிவுக்குப் படையில் இடம் உண்டு, சட்டைமேல் காட்டும் வரை. பக்கத்தில் நிற்கும் மனிதன்மேல் காட்டினால் குற்றம். டெனி இதை ஒரு வசனத்தில்கூடச் சொல்லவில்லை. கஞ்சி போட்ட மடிப்பில் காட்டிவிட்டார்.

கடைசியில் கலூப் தன் கட்டிலை ராணுவ ஒழுங்கில் மடிப்பில்லாமல் விரிக்கிறான். வயிற்றின்மேல் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு படுக்கிறான். கை நரம்பு துடிப்பது அண்மைக்காட்சியில் தெரிகிறது. பழைய தடத்தில் ஓடும் படமாக இருந்திருந்தால் அங்கே குண்டு வெடித்திருக்கும். இங்கே வெட்டியதும் ஓர் இரவு விடுதி. கண்ணாடிச் சுவர்முன் கலூப் தனியே நிற்கிறான். 'தி ரிதம் ஆஃப் தி நைட்' என்ற நடனப்பாட்டு ஒலிக்கிறது. முதலில் மெல்ல ஓரிரு அடி வைக்கிறான். பிறகு சுழல்கிறான், தரையில் விழுகிறான், எகிறுகிறான். வாழ்நாள் முழுவதும் விறைத்து நின்ற உடல் கட்டவிழ்கிறது. டெனி லவாங் என்ற நடிகர் அந்த நடனத்தில் வாய் திறக்கவில்லை. ஆனால் கிளாகார்ட் முதன்முறையாகப் பேசிவிட்டான்.

இந்தப் படம் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது 1999 செப்டம்பரில். அதே செப்டம்பர் 27 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகப் படையிலிருந்து நீக்கப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2000 ஜனவரி 12 அன்று தடை விலகியது. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், இதுவரை வந்த படங்களில் தலைசிறந்தவற்றின் வரிசையில் 'போ ட்ரவாய்' ஏழாம் இடம் பெற்றது.

நா எழுந்தபின்

2000க்குப் பிறகு வந்த படங்கள் மெல்விலின் தாள்களைத் தொட்டு எடுத்தவை இல்லை. ஆனால் அவை நடப்பது அந்தத் தாள்கள் திறந்த வழியில். இஸ்ரேலில் 2002இல் ஈடன் ஃபாக்ஸ் எடுத்த 'யோஸி அண்ட் ஜாகர்', லெபனான் எல்லையில் பனி மூடிய முகாமில் இரு அதிகாரிகளின் காதலைச் சொல்கிறது. ஒருவன் மோதலில் இறந்துபோகிறான். துக்க வீட்டில் அவன் தாய், தன் மகனுக்குப் பிடித்த பாட்டு எதுவென்றுகூடத் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருந்துகிறாள். கூட்டத்தில் ஒருவனாக நிற்கும் காதலன் அந்தப் பாட்டின் பெயரை மட்டும் சொல்கிறான். அவன் வெளியே சொல்ல முடிந்த துக்கம் அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் ஆலிவர் ஹெர்மானஸ், 2019இல் வந்த 'மாஃபி' படத்தில், நிறவெறி ஆட்சி வெள்ளை இளைஞர்களைக் கட்டாயப் படைச்சேவைக்கு அனுப்பிய 1981ஐக் காட்டினார். ஒரு மனிதனை வெறுக்கக் கற்றுக்கொடுக்கும் பாசறை, எல்லாரையும் வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறது என்பதே அந்தப் படம் சொல்லும் செய்தி.

2022இல் அமெரிக்காவிலிருந்து 'தி இன்ஸ்பெக்ஷன்' வந்தது. இயக்குநர் எலிகன்ஸ் பிராட்டன் பதினாறு வயதில், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகத் தாயால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு, பத்தாண்டு அளவுக்கு வீடில்லாமல் அலைந்தவர். 2005இல் மரைன் படையில் சேர்ந்தார். கேமராவைக் கையாளக் கற்றது அங்கேதான். அவர் சேர்ந்தபோது, கேட்கவும் மாட்டோம், நீயும் சொல்லாதே என்ற விதி நடைமுறையில் இருந்தது. 1993இல் சட்டமான அந்த விதியின் கீழ் 13,000க்கு மேற்பட்டவர்கள் படையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 20இல்தான் அது ஒழிந்தது.

தன் கதையையே பிராட்டன் எடுத்தார். தொடக்கக் காட்சியில், படையில் சேரப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு மகன் தாய் வீட்டுக்கு வருகிறான். அவன் உட்காருமுன் அவள் சோபாமேல் செய்தித்தாளை விரிக்கிறாள். பெற்ற மகன் உட்கார்ந்தால் இருக்கை தீட்டுப்பட்டுவிடும் என்பதுபோல். தீண்டாமையை அறிந்த நமக்கு அந்தச் செய்தித்தாளின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. பயிற்சி முகாமில் அவன் உண்மை வெளிப்பட்டு அடிபடுகிறான், அவமானப்படுகிறான், ஆனாலும் ஓடவில்லை. தேர்ச்சி பெற்று நிற்கும் நாளில் தாய் அவனை மீண்டும் தள்ளும்போது, கூடப் பயின்றவர்கள் அவன் பக்கம் நிற்கிறார்கள். இங்கே பில்லி சாகவில்லை, கிளாகார்ட்டும் சாகவில்லை. கதையைச் சொல்பவன் அந்தச் சீருடையை உண்மையிலேயே அணிந்தவன். வெயிலில் நிற்கும் உடல்களை அவன் கேமரா பார்க்கும் விதத்தில் ஜிபூட்டியின் சாயல் தெரிகிறது.

நம் கரையில்

இந்தத் தாள்களுக்கும் நமக்கும் உறவு உண்டு. கடற்படைப் போர்ச் சட்டத்தின் மரணதண்டனையும், 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 377ஆம் பிரிவும் ஒரே ஆங்கிலேய வேரிலிருந்து முளைத்தவை. அந்தப் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் விருப்ப உறவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் விடுவித்தது. நான்கு மாதம் கழித்து, அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத், படைக்குள் இதை அனுமதிக்க முடியாது என்றார். 1967இல் இங்கிலாந்து போட்ட அதே கோடு: கரைக்கு ஒன்று, பாசறைக்கு ஒன்று.

2020 முதல், படைகளைப் பற்றிப் படம் எடுப்போர் பாதுகாப்பு அமைச்சகத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்றானது. தன் இயல்பை வெளியே சொன்ன முன்னாள் மேஜர் ஒருவரின் வாழ்க்கையால் தூண்டப்பட்டு இயக்குநர் ஓனிர் ஒரு திரைக்கதை எழுதி அனுப்பினார். 2022 ஜனவரியில் சான்று மறுக்கப்பட்டது. அந்த எழுத்தும் அன்று ஒரு பெட்டிக்குள்தான் போயிற்று. படையின் மானம், அதில் உள்ளவன் யாரை நேசிக்கிறான் என்பதில் இல்லை. தனக்காக உயிரைக் கொடுக்க வந்தவனைத் தான் எப்படி நடத்துகிறது என்பதில் இருக்கிறது. பில்லியைத் தூக்கிலிட்ட கப்பலில் ஒழுங்கு காப்பாற்றப்பட்டது. மெல்விலின் கதையைப் படித்து முடிக்கும்போது அந்தக் கப்பலைப் போற்றத் தோன்றுவதில்லை.

பிரிட்டனில் 2000இல் விலகிய அந்தத் தடை இருந்த காலம் முழுவதும் ராணுவப் போலீஸ், சந்தேகப்பட்டவர்களின் அலமாரிகளைத் துழாவியது. அவர்கள் பெற்ற காதல் கடிதங்களும் எழுதிய கடிதங்களும் விசாரணையில் சாட்சியமாயின. மெல்விலின் தாள்களுக்குக் கிடைத்த தகரப் பெட்டி அந்தக் கடிதங்களுக்குக் கிடைக்கவில்லை. 2023 ஜூலை 19இல் பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2025 அக்டோபர் 27 அன்று ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள தேசிய நினைவுப் பூங்காவில் மன்னர் மூன்றாம் சார்லஸ் ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். கசக்கி எறிந்து மீண்டும் பிரித்த ஒரு கடிதத்தின் வடிவம் அது. வெண்கலத்தில் வார்த்திருக்கிறார்கள். அந்தத் தடையால் பாதிக்கப்பட்டவர்களின் சொற்களை அதன்மேல் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும் எவரும் நின்று படிக்கலாம்.